பவர் ஏத்தியாச்சு... பிரேக்கைப் பார்த்தீங்களா?

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகளைத் தாண்டியிருந்தபோது பின் சீட்டிலிருந்து அம்மாவின் குரல்.

``கண்ணு, ஏதோ தீயற வாசம் வருதே?''

``முன்னாடி போற லாரியா இருக்கும்மா!''

லாரி இல்லை. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அதற்கடுத்த வளைவில் இன்னும் ஆழம். பஞ்சுமூட்டையை மிதித்ததுபோல் இருந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, எப்படியோ சமாளித்து, ஒன்பதாவது வளைவிலுள்ள லோம்ஸ் வியூ பாயின்ட்டில் காரை ஓரங்கட்டினார் அந்த இளைஞர். இறங்கிப் பார்த்தால், முன் சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை. அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தபோது, எதுவுமே நடக்காததுபோல பெடல் பழையபடி இறுக்கமாக இருந்தது.

கோவையில் கார் பிரியர்கள் கூடும் ஒர்க்‌ஷாப்களில் காது கொடுத்தால், இந்தக் கதையின் ஏதாவது ஒரு வடிவம் கிடைக்கும். ஊர் மாறும், கார் மாறும். ஆனால், கதையின் ஆரம்பம் மட்டும் மாறாது. ``பவர் ஏத்தியிருந்தேன்!''

இந்தக் கதையின் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-ல் இந்தியாவுக்கு வந்த மாடல். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ், 105 பி.எஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். போலோ விற்பனை 2022-ல் நின்றுபோன பிறகும், பழைய கார் சந்தையில் இதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. காரணம், லேப்டாப்பை இணைத்து இன்ஜினின் மென்பொருளை மாற்றி எழுதும் `ரீமேப்'. ஒரே நாளில் 20, 30 பி.எஸ் கூடிவிடும். காரை வாங்கிய மூன்றாவது மாதமே நம் இளைஞரும் அதைச் செய்துவிட்டார். நான்கு வருடப் பழைய டயரும், எப்போது மாற்றியது என்றே தெரியாத பிரேக் ஆயிலும் அப்படியே இருந்தன.

அன்று என்ன நடந்தது?

ஊருக்குத் திரும்பியதும், நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ``அண்ணா, பெரிய பிரேக் கிட் ஒண்ணு போட்டுடலாமா? லட்ச ரூபா ஆனாலும் பரவாயில்ல.''

``போடலாம் தம்பி. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க... பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க? இறங்கும்போது எந்த கியர்ல வந்தீங்க?''

முதல் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில், `டி'.

பிரேக் என்பது காரின் வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. அவ்வளவுதான். நான்கு பேரோடு 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார், 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெளியேற வேண்டிய ஆற்றல், அதே காரை 100 கி.மீ வேகத்திலிருந்து 25 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ள வேண்டும். `டி'-யில் விட்டால், மைலேஜுக்காக கியர்பாக்ஸ் மேல் கியருக்குத் தாவிவிடும். இன்ஜின் ஒதுங்கிக்கொள்ள, மொத்தச் சுமையும் பிரேக் தலையில் விழும்.

அந்த வெப்பம் டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகும். பிரேக் ஆயில், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. வருடங்கள் ஆக ஆக, அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். பெடல் பஞ்சானது இதனால்தான். ஆறியதும் குமிழி மறைந்துவிடும், பெடலும் சரியாகிவிடும். `சரியாகிடுச்சே' என்று நம்பி விட்டுவிடுவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. பெடல் இறுக்கமாகவே இருக்கும். ஆனால், எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது. அது பேட் சூடாகிப் பிடிப்பை இழந்த நிலை. பெடல் இறங்கினால் ஆயிலையும், பெடல் இறுகியிருந்தும் கார் நிற்காவிட்டால் பேடையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பவர் ஏற்றுவது எங்கே இடிக்கிறது? வேகம் 100-லிருந்து 140 ஆனால், 40 சதவிகிதம்தான் அதிகம். ஆனால், பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு வளைவுகளுக்கு நடுவே கார் சீக்கிரம் வேகமெடுத்தால், ஒவ்வொரு வளைவிலும் அதே பழைய பிரேக்குக்குக் கூடுதல் வேலை.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

1. டயர்

காரை நிறுத்துவது டிஸ்க் அல்ல, டயர். டிஸ்க் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது, சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளங்கையளவு ரப்பர். பயத்தில் ஓங்கி மிதிக்கும்போது ஏபிஎஸ் `தடதட'வென்று துடிக்கிறதா? அப்படியென்றால், டயரின் எல்லையை பிரேக் ஏற்கெனவே தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய பிரேக் போட்டாலும், அந்த ஒரு முறை நிற்கும் தூரம் பெரிதாகக் குறையப் போவதில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். `2319' என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் ஆழம் இருந்தாலும், வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். சைஸ் மாற்றுவதானால், டயரின் மொத்த விட்டம் பழையதிலிருந்து அதிகம் விலகக் கூடாது. உதாரணமாக, 185/60 ஆர்15 இருந்த இடத்தில் 195/55 ஆர்15 போட்டால், விட்டத்தில் ஒரு சதவிகிதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதற்குச் செலவே இல்லை. ஹேண்ட்லிங்கை அதிகம் மாற்றுவதும் அதுதான்.

2. பிரேக் ஆயில்

எல்லா வேலைகளிலும் குறைந்த செலவு இதற்குத்தான். தர விதிகளின்படி, டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. பெயரில் ஒற்றுமை இருக்கிறதே என்று `டாட் 5' வாங்கிவிடக் கூடாது. அது சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்கவே கூடாது. கார் கையேட்டில் சொன்ன வகையில் நல்ல தரமானதை, பொதுவாக இரண்டு வருடங்களுக்கு ஒரு முறை, காற்றுக் குமிழி இல்லாமல் முழுதாக மாற்றினாலே பாதி பயம் போய்விடும்.

3. பிரேக் பேட்

`ரேஸ் பேட்' என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை நன்றாகச் சூடான பிறகுதான் பிடிக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும்போது, முதல் சிக்னலில் அவை ஏமாற்றும். சாலைக்கும், கொஞ்சம் விறுவிறுப்பான ஓட்டத்துக்கும் சேர்த்துத் தயாரித்த `ஸ்ட்ரீட் பெர்ஃபாமன்ஸ்' பேடுகளே போதும்.

புது பேடைப் போட்டதும் பழக்க வேண்டும். காலியான சாலையில், 60 கி.மீ வேகத்திலிருந்து 20-க்கு மிதமாகக் குறைப்பதைப் பல முறை செய்து, நடுவில் முழுதாக நிறுத்தாமல், பிறகு பிரேக்கே பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிய இதுதான் வழி. இதைச் செய்யாமல், `காசு கொடுத்தும் பிடிக்கல' என்று குறை சொல்பவர்கள் அதிகம்.

ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ்களையும் பலர் கேட்கிறார்கள். பெடலின் உணர்வு துல்லியமாகும். ஆனால், அதனால் மட்டும் கார் சீக்கிரம் நிற்காது.

4. சஸ்பென்ஷன்

இங்குதான் அழகுக்கும் ஹேண்ட்லிங்குக்கும் சண்டை வரும். காரைத் தாழ்த்தினால் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால், பழைய ஷாக் அப்சார்பரோடு குட்டை ஸ்பிரிங்கை மட்டும் போட்டால், அது அசைய இடம் குறைந்து, நம் ஊர் வேகத்தடைகளில் அடி வாங்கும். வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்தால், டயர் சாலையை விட்டுத் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிப்பும் கிடையாது, பிரேக்கும் கிடையாது.

எனவே, முதலில் பழையதைச் சரிசெய்ய வேண்டும். தேய்ந்த புஷ், கசியும் ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்த பிறகு ஓட்டிப் பார்த்தால், `புது கார் மாதிரி இருக்கே' என்று தோன்றும். அதற்கு மேலும் வேண்டுமென்றால், ஒன்றுக்கொன்று பொருத்தமான ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட்.

பின்பக்கம் தடிமனான ஆன்டி ரோல் பார் போடுவதும் பிரபலம். முன் சக்கரங்கள் இழுக்கும் கார்கள், வளைவில் வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கும். அதை இது குறைக்கும். அளவு மீறினால், மழை பெய்த மலைச்சாலையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுக்கும்போது, காரின் பின்பக்கம் சுழலலாம்.

5. பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர்

கடைசியாகத்தான் இது. பெரிய டிஸ்க்கின் உண்மையான பலன், அதிக வெப்பத்தைத் தாங்கிச் சீக்கிரம் ஆறுவது. ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கு அல்ல. ரேஸ் டிராக்கில் திரும்பத் திரும்ப நிறுத்துவதற்குத்தான் அது தேவை. காலிப்பரின் பிஸ்டன் அளவு, மாஸ்டர் சிலிண்டரோடு பொருந்த வேண்டும். இல்லையென்றால் பெடல் ஆழம் மாறும். முன்பக்கத்தில் மட்டும் பலம் கூடினால், முன்-பின் பிரேக் சமநிலை கெடும். ஏபிஎஸ், தொழிற்சாலையில் வந்த அளவுகளுக்கே பழகியிருக்கும். 15 இன்ச் வீலுக்குள் பெரிய காலிப்பர் நுழையாமலும் போகலாம்.

`பின்னால் டிரம் இருக்கே, டிஸ்க்கா மாத்திடலாமா?' என்பது போலோ உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், பெரும்பகுதி வேலையை முன் பிரேக்குகளே செய்கின்றன. ஹேண்ட் பிரேக் அமைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டிய அந்தச் செலவுக்கு, சாலையில் கிடைக்கும் பலன் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி புக்கில் இருக்கும் விவரங்களுக்கும், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்களுக்கும் முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதே அளவில் தரமான டயர், பேட், ஆயில் மாற்றுவது பராமரிப்பு. அதைத் தாண்டிய வேலை என்றால், முன்கூட்டியே ஆர்டிஓ-விடம் கேட்டுத் தெளிவு பெறுவதும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது. ரீமேப்பும் இதில் சேர்த்திதான். விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் கேட்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

மாற்றிய காரின் எல்லையைச் சோதிக்கப் பொதுச் சாலை இடமல்ல. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது; சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கு டிராக் டே நடக்கும் நாளில், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாம்.

மலையிறங்கும்போது மறக்கக் கூடாதவை

* எந்த கியரில் ஏறுகிறீர்களோ, அந்த கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால், மேனுவல் மோடில் இரண்டாவது கியர்.

* பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு வராதீர்கள். வளைவுக்கு முன்பு நன்றாக மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள்.

* பெடல் மென்மையானால், கியரை இன்னும் குறைத்து, பெடலை வேகமாகப் பலமுறை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கமாக ஒதுங்குங்கள்.

* நின்றதும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறிய பிறகும், பிரேக்கைச் சோதிக்காமல் பயணத்தைத் தொடராதீர்கள்.

நம் இளைஞர் கடைசியில் பெரிய பிரேக் கிட் வாங்கவில்லை. நான்கு புது டயர்கள், டாட் 4 ஆயில், சாலைக்கேற்ற பேடுகள், தேய்ந்துபோன புஷ்கள், ஒரு வீல் அலைன்மென்ட். அவர் முதலில் ஒதுக்கிவைத்த லட்ச ரூபாயில் பாதிகூட ஆகவில்லை. ரீமேப்பை எடுத்துவிட்டு, கம்பெனியில் வந்த மென்பொருளுக்கே திரும்பிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து மறுபடியும் வால்பாறை. இறங்கும்போது மேனுவல் மோட், இரண்டாவது கியர். லோம்ஸ் வியூ பாயின்ட்டில் காரை நிறுத்தி, ``ஆழியாறு டேம் தெரியுதும்மா, பார்க்கிறியா?'' என்று திரும்பினார்.

அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.