நடைக்குக் கூலி சோறா?



"காலையில் ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்தேனே, அதற்கு ஈடாக இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டால் என்ன?" உடம்பு இளைக்க வேண்டும் என்று நடக்கத் தொடங்கும் சகோதர சகோதரிகள் பலர் மனத்தில் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். உழைத்தவர் வயிறார உண்ண வேண்டும் என்பது தோட்டத்து மக்களாகிய நமக்கு ஊறிப்போன நீதி.

ஆனால், கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் ஏறக்குறைய 240 கலோரி செலவாகும். அதில் 60 கலோரி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆக, நடையால் வந்த மிச்சம் 180தான். ஒரே ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது. இனிப்புப் பால் ஊற்றிய தே தாரேக் வேறு!

மேற்கு வங்காளத்தில் சணல் ஆலைத் தொழிலாளர் 213 பேரை ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞர் தம் குழுவினருடன் ஆராய்ந்து, 1956-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். வேலை கடினமாக ஆக, தொழிலாளர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆனாலும் எடை ஏறவில்லை. உட்கார்ந்தே வேலை பார்த்தவர்களோ கடின உழைப்பாளிகளுக்குக் குறையாமல் சாப்பிட்டார்கள். அவர்கள்தாம் பருமனாகவும் இருந்தார்கள். உழைப்பு குறைவாக இருந்தும் பசி குறையவில்லை.

இது நம் கதையும் அல்லவா? பீடோங்கிலும் பாடாங் செராயிலும் விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் வாளி சுமந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று சுங்கை பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். வேலை மாறிவிட்டது, சோற்றுத் தட்டு மாறவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேருக்கு நீரிழிவு.

அப்படியானால் பட்டினி கிடப்பதா? கூடவே கூடாது. இப்படிச் செய்து பாருங்கள்:

அரை மணி, ஒரு மணி நேர நடைக்குத் தனிச் சாப்பாடு வேண்டாம். வழக்கமான பசியாறலே போதும்.

குனோங் ஜெராய் ஏறினீர்கள், அல்லது நாள் முழுக்கக் கோத்தோங் ரோயோங் செய்தீர்கள் என்றால், செலவானதில் பாதியளவு கூடுதலாகச் சாப்பிடலாம். அது சோறு, பருப்பு, மீன், முட்டையாக இருக்கட்டும். இனிப்புத் தண்ணீராக வேண்டாம்.

செம்பனைக் குலை வெட்டுவோரும் பால்மரம் சீவுவோரும் வேலைக்கேற்ற உணவைக் குறைக்கக் கூடாது.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். சர்க்கரை திடீரென இறங்கி, கை நடுங்கி, மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைக்க முயலும் முன் கிளினிக்கில் ஆலோசனை பெறுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். வாரந்தோறும் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ, உணவைச் சற்றுக் கூட்டுங்கள்.

நாளைக் காலை நடந்து வந்ததும் முதலில் தண்ணீர் குடியுங்கள். கால் மணி நேரம் பொறுத்துப் பசியாறுங்கள். கோப்பிக்கடைப் பக்கம் கால் தானாகத் திரும்பினால், அந்த 180-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.