பக்கத்து வீட்டு லட்டு

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டது. ஸ்வீட் பெட்டியோடு அவள் அம்மா வாசலில் நிற்கிறார். "ரொம்ப சந்தோஷம்" என்று லட்டை வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். அதே பரீட்சையை எழுதிய பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், அந்த லட்டு தொண்டையில் இறங்கக் கொஞ்சம் நேரமாகும்.

துக்கத்தில் கலந்துகொள்வது நமக்கு எளிது. சாவு வீட்டுக்கு யாரும் அழைக்காமலே போகிறோம். கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை வந்ததா என்று பார்க்கிறோம். அடுத்தவர் வாழ்ந்தால் வரும் வேதனைக்கு 'வயிற்றெரிச்சல்' என்று அருமையான சொல் வைத்திருக்கிறோம். அவர் மகிழ்ச்சியில் மகிழ்வதற்கு அன்றாடப் பேச்சில் அப்படி ஒரு சொல் இல்லை. பௌத்தர்களிடம் இருக்கிறது: முதிதா. மைத்ரி, கருணை, உபேட்சை ஆகியவற்றோடு பழகிக்கொள்ள வேண்டிய நான்கில் ஒன்று. 5-ம் நூற்றாண்டில் 'விசுத்திமக்க' எழுதிய புத்தகோசர் மனிதர்களைத் தெரிந்தவர். முதிதாவை, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் நெருங்கிய நண்பனை நினைத்துத் தொடங்கு, விரோதியிடம் தொடங்காதே என்கிறார்.

சரி, இந்தக் குணம் ரத்தத்திலேயே வருவதா? ஓரளவு. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 46,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பிறர் உணர்வை உணரும் திறனில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு மரபணுக்கள் காரணம். இரட்டையர் ஆய்வுகள் இன்னும் கூடுதலாகச் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் மிச்சம்தான் பெரிது.

2010-ல் அமெரிக்கர்களையும் கொரியர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. ஆக்ஸிடோசின் ஹார்மோன் வேலைசெய்வதில் பங்குள்ள மரபணு ஒன்றில் குறிப்பிட்ட வகையைக் கொண்ட அமெரிக்கர்கள், கஷ்டம் வந்தால் மற்றவர்களிடம் அதிகமாக ஆறுதல் தேடினார்கள். அதே வகை கொண்ட கொரியர்களிடம் அந்தப் போக்கு இல்லை. தன் பாரத்தை அடுத்தவர் மேல் இறக்குவது அங்கே அழகில்லை. இந்த மரபணு செய்வதெல்லாம், ஊர் சொல்லிக்கொடுப்பதைக் கூர்மையாகக் கேட்க வைப்பதுதான் போலிருக்கிறது.

ஊர் நமக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது? நெருக்கமானவர் நமக்குச் சம்பந்தமில்லாத துறையில் ஜெயித்தால் பெருமைப்படுவோம், நாம் ஓடும் பந்தயத்திலேயே ஜெயித்தால் வலிக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஏப்ரகாம் டெஸ்ஸர் 1980-களில் விளக்கினார். பக்கத்து வீட்டுப் பெண் வயலினில் பரிசு வாங்கியிருந்தால் தெருவெல்லாம் நாமே சொல்லித் திரிந்திருப்போம். (நம் பெண்ணும் வயலின் கற்காதவரை.) நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களுக்கு இரண்டு மூன்று பந்தயங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. 2024-ல் நீட் எழுதியவர்கள் மட்டும் 23 லட்சத்துக்கும் மேல். முதல் ராங்க் வாங்கிய பிள்ளைகளின் முகங்களைக் கோச்சிங் சென்டர்கள் பேனர் கட்டி நிறுத்துகின்றன. பாவம், அந்த முகங்களைப் பார்த்து அவர்களுக்காகச் சந்தோஷப்பட யாருக்கும் தோன்றுவதில்லை. பைக்கின் பின்சீட்டில் இருக்கும் மகனிடம் "பாத்தியா?" என்கிறோம்.