சிறு படகுக்கும் திறக்கும் கதவு

மினியாபொலிஸ் நகரில் சொந்தப் படகை மிசிசிப்பியில் இறக்கி, செயின்ட் லூயிஸ் வரை நீரோட்டத்தோடு பிரயாணம் செய்பவர், வழியில் இருபதுக்கும் மேற்பட்ட அணைகளைக் கடந்து ஏறத்தாழ 400 அடி கீழே இறங்குகிறார். ஆயினும் எங்கும் ஒரு காசு சுங்கம் கட்டுவதில்லை. சரக்குக் கம்பெனிகள் தங்கள் எரிபொருளுக்குக் காலனுக்கு 29 சென்ட் தனி வரி செலுத்திவரும்போது, உல்லாசமாகப் போகும் தனவந்தர்களுக்கு மாத்திரம் இந்தச் சலுகை ஏன் என்று கேட்போர் உண்டு. அந்தக் கட்சியில் எனக்குச் சம்மதமில்லை.

அமெரிக்க அரசியல் சட்டம் கையெழுத்தாவதற்குச் சில மாதங்கள் முன்பே, 1787-இல் வடமேற்குப் பிரதேசத்துக்கென இயற்றப்பட்ட சட்டம், மிசிசிப்பியில் சென்று சேரும் நீர்வழிகளெல்லாம் வரியோ தீர்வையோ இன்றி என்றென்றும் பொதுப் பாதைகளாக இருக்கும் என்று பிரகடனம் செய்தது. பிற்பாடு 1930-இல் காங்கிரஸ் சபை ஒன்பதடி ஆழமுள்ள கப்பல் வழிக்கு அனுமதி தந்ததன் பேரில் நதியின் குறுக்கே வரிசையாக அணைகள் எழும்பியது சரக்குப் போக்குவரத்தின் பொருட்டே. திறந்து கிடந்த பாதையை மறித்தது சர்க்கார் என்றால், மறித்த இடத்தில் கதவு வைத்துத் திறந்துவிடுவதும் சர்க்காரின் கடமைதானே?

அந்தக் கதவுக்கு லாக் என்று பெயர். இரு பெருங்கதவுகளுக்கு இடையே படகை விட்டு அடைத்து, நீரை வடித்து, கீழ்மட்டத்துக்கு இறக்கிவிடும் ஏற்பாடு அது. மேலிருந்து ஊழியர் கொடுக்கும் கயிற்றைப் படகுக்காரர் கையில் பிடித்துக்கொள்ளலாமே தவிர, படகில் இறுகக் கட்டிவிடக் கூடாது. கட்டினால் நீர் வடிய வடியப் படகு சுவரோரம் அந்தரத்தில் தொங்கிப்போகும்.

உள்ளே நுழைவதற்குத்தான் பொறுமை வேண்டும். பதினைந்து சரக்குத் தோணிகளை ஒன்றாகப் பிணைத்துத் தள்ளிவரும் கப்பல், 600 அடி நீளமுள்ள லாக்கில் ஒரே தடவையில் அடங்காமல், ஒன்பதைப் பிரித்து முதலில் அனுப்பிவிட்டு, எஞ்சியவற்றோடு தானும் பின்னே இறங்கி, கீழே மறுபடி பிணைத்துக்கொண்டு கிளம்புவதற்குள் ஒன்றரை மணி நேரம் கழிந்துவிடும். சோளமும் சோயாவும் ஏற்றிய அவற்றுக்கு முன்னுரிமை தருவதில் குறை சொல்ல ஏதுமில்லை. விதியும், மூன்று முறை லாக்கைத் திறந்து மூடும் நேரத்துக்கு மேல் சிறு படகைக் காக்கவைக்கலாகாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பே போதுமான சுங்கம் என்பது என் அபிப்பிராயம்.

அணைகளால் படகுக்காரருக்கு அனுகூலமே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. அணையற்ற செயின்ட் லூயிஸுக்குக் கீழே பிரவாகம் வேகமானது, எரிபொருள் கிடைக்கும் துறைகளும் அரிது; ஆகவேதான் பலர் கெய்ரோ என்ற நதியோர ஊரில் ஒஹையோ நதிக்குள் திரும்பி, டென்னஸி வழியாகத் தெற்கே போய்விடுகிறார்கள். மேல்நதியில் அந்தச் சிரமம் குறைவு என்பதும், அங்கே வருகிறவர்களில் வசதியுள்ளவர்கள் உண்டு என்பதும் மெய்யே. ஆனால் சுங்கம் வைத்தால், பெரிய மோட்டார் படகின் சொந்தக்காரர் அதையும் எரிபொருள் கணக்கோடு சேர்த்து எழுதிவிட்டுப் போவார். கூடாரமும் சமையல் சாமானும் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டு வரும் இளைஞன்தான், ஒவ்வொரு லாக்கிலும் பணம் கட்டுவதா, படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோடு நடப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.