கணக்குக் கேட்டால் ஏன் கோபம் வருகிறது?



"கொழுந்து எடுப்பது உங்கள் வேலை, கணக்குப் பார்ப்பது எங்கள் வேலை." தோட்டத்து ஒபிசில் சம்பளத் துண்டை நீட்டிக் கேள்வி கேட்டவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமானது. நூற்றைம்பது வருடமாக எங்கள் சனத்தை ஆண்டது துப்பாக்கி அல்ல, கொப்பிதான். பெரிய கங்காணியின் கொப்பியில் கடன் ஏறிக்கொண்டே போகும், அது எப்படி ஏறுகிறது என்று வேலையாளுக்குத் தெரியாது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடனை எழுதிய "துண்டு" வேண்டும். 1921இல் சட்டம் போட்டு துண்டு முறையை ஒழித்தார்கள். வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் கங்காணிக்குக் கொடுத்த "பென்ஸ் காசு" கதை பெரியவர்களுக்குத் தெரியும். எங்களை எண்ணத் தெரிந்தவனுக்கு அதற்கும் கூலி கிடைத்தது.

வாழைச்சேனையில் நாங்கள் பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறோம், ஞாயிறு பின்னேரம் தாய்மாருடன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். வருபவர்களில் தென்னந்தோட்டத்தில் காய் பொறுக்குபவர்கள் உண்டு. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையிலிருந்து கிழக்குக்கு இறங்கிய குடும்பத்துப் பெண்கள் உண்டு. இன்னும் பதுளை, பண்டாரவளைப் பக்கம் கொழுந்தெடுக்கும் அக்கா தங்கையின் சம்பளத் துண்டைப் போனில் படம் எடுத்துக் கொண்டுவருபவர்களும் உண்டு. கொப்பிக்குக் காகிதம் செய்த ஊர் இது. 1956இல் தொடங்கிய ஆலை வைக்கோலைக் காகிதமாக்கியது. அந்த ஊரில் ஒரு கொப்பியை விரித்து நாலு வரி எழுதிக் கூட்டிப் பார்ப்பதை யாரும் பெரிய புரட்சி என்று நினைக்கத் தேவையில்லை. ஆனால் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். "ஏன் அந்தப் பெண்களைக் கிளப்பிவிடுகிறீர்கள்?" என்று எங்களிடமே கேட்டார்கள். கூட்டலும் கழித்தலும் கிளப்பிவிடும் என்றால், கணக்கில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நிறுவையிலிருந்து தொடங்குவோம். ஒரு நாளைக்கு மூன்று தரம் கொழுந்து நிறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று ஒவ்வொரு தரமும் ஒரு கிலோ கழிக்கிறார்கள். ஒரு கிலோதானே என்று விட்டுவிடுகிறோம். நாளைக்கு 3 கிலோ. மாதம் 25 நாள் வேலை என்றால் 75 கிலோ. ஒரு பேருக்கு 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் 75 கிலோ என்பது நான்கு பேருக்கும் மேல். அதாவது மாதத்தில் நான்கு நாள் மலையேறி, அட்டை கடிபட்டு, மழையில் நனைந்து பறித்த கொழுந்து செக்ரோலில் ஏறவேயில்லை. அப்படி 200 பேர் கொழுந்தெடுக்கும் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 600 கிலோ. அந்தக் கொழுந்து காற்றில் போகவில்லை. பெக்டரிக்குள் போய்த் தூளாகி வருகிறது. சுமார் 5 கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று பார்த்தாலும் 120 கிலோ தேயிலை.

ஈரக் கொழுந்து கனம் கூடியதுதான், மழை நாளில் ஏதோ ஒரு கழிவு நியாயம், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வெயில் காய்கிற மார்ச் மாதத்திலும் அதே தண்ணீர் எங்கிருந்து வந்தது? சாக்கின் பாரம் என்கிறார்கள். நல்லது, வெறும் சாக்கைத் தராசில் போட்டுக் காட்டட்டும். இதைக் கேட்க ஐந்தாம் வகுப்புகூட வேண்டாம்.

"அரைப் பேர்" கணக்கு இன்னும் கொடியது. 18 கிலோ கேட்கும் இடத்தில் 17 கிலோ எடுத்தவருக்கு அரைப் பேர் போடும் தோட்டங்கள் உண்டு. 2019 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. அரைப் பேர் என்றால் 350. குறைந்தது ஒரு கிலோ, போனது 350 ரூபா. அதே ஒப்பந்தத்தில் கூடுதலாக எடுத்த ஒரு கிலோவுக்குக் கிடைத்தது 40 ரூபா. ஒரே செடி, ஒரே கொழுந்து, ஒரே கை. தோட்டம் வாங்கும்போது கிலோ 40, எங்களைத் தண்டிக்கும்போது கிலோ 350. பெட்டிக் கடைக்காரர் ஒரே சீனிக்கு இப்படி இரண்டு விலை சொன்னால் ஊரே கடையை அடைக்கும்.

அந்த 2019 ஒப்பந்தத்தை இன்னும் கொஞ்சம் கிண்ட வேண்டும், ஏனென்றால் அங்கே ஏமாற்றியது துரைமார் மட்டுமல்ல. "500 ரூபா 700 ஆனது, 40 வீத உயர்வு" என்று மேடை போட்டுச் சொன்னார்கள். 500இலிருந்து 700, ஆம், 40 வீதம்தான். ஆனால் 2016 ஒப்பந்தப்படி ஒரு நாள் சம்பளம் வெறும் 500 அல்ல. அடிப்படை 500, உற்பத்திக் கொடுப்பனவு 140, வரவுக் கொடுப்பனவு 60, விலைப் பங்கு 30. மொத்தம் 730. 2019இல் 140ஐயும் 60ஐயும் எடுத்துவிட்டு, அடிப்படை 700, விலைப் பங்கு 50 என்று 750 ஆக்கினார்கள். 730 எங்கே, 750 எங்கே? உயர்ந்தது 20 ரூபா. அதோடு ஊழியர் சேமலாப நிதிக்கு எங்களிடம் பிடிக்கும் 8 வீதம் அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடப்படுகிறது. முன்பு 40 ரூபா பிடித்தார்கள், பிறகு 56 ரூபா. கழித்துப் பாருங்கள்: முன்பு கையில் 690, பின்பு கையில் 694. நான்கு ரூபா.

முன்பு அந்தக் கொடுப்பனவுகள் கிடைக்காமல் போனவர்களுக்குப் புதிய முறை நன்மைதான். சேமலாப நிதிக்குத் தோட்டம் போடும் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்குப் போடும் 3 வீதமும் சேர்ந்து 75இலிருந்து 105 ஆனதும் உண்மை. இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நாங்கள் ஏன் கோபப்படப் போகிறோம்? வீதத்தைச் சொல்லி ரூபாவை மறைத்ததுதான் பிழை. எந்தச் சங்கம் செய்தாலும் பிழை. எமது சங்கம் நாளைக்குச் செய்தால் இதே பத்திரிகையில் எழுதுவோம்.

இப்போது 1750 பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். 2024 மே தினத்தில் 1700 என்றார்கள், வழக்கு வந்தது, அந்த வருடக் கடைசிப் பகுதியில் 1350இல் நின்றது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டம் 1550, அரசாங்கம் வருகைக்கான ஊக்கத் தொகையாக 200, ஆக 1750 என்று வந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் பெருக்கலில் இரண்டு எண் உண்டு. ஒன்று நாள் சம்பளம், மற்றது வேலை கொடுக்கும் நாள். 2021இல் கிடைத்த 1000 ரூபாவில் 25 நாள் வேலை என்றால் 25,000. இன்று 1750இல் 15 நாள்தான் வேலை கொடுத்தால் 26,250. ஐந்து வருடத்துக்குப் பிறகு 1,250 ரூபா கூட. இந்த ஐந்து வருடத்தில் அரிசியும் மாவும் எத்தனை மடங்கு ஏறியது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இனிப் பேச்சுவார்த்தை மேசையில் "எத்தனை ரூபா" என்ற கேள்வியோடு "எத்தனை நாள்" என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

தென்னந்தோட்டத்துக் கணக்கு வேறு விதம். ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். எண்ணும்போது சின்னக் காய் கணக்கில் சேராது, ஆனால் லொறியில் ஏறும் என்று எங்கள் தாய்மார் சொல்கிறார்கள். லொறியில் ஏறுவதையும் எண்ணுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

சம்பளம் போதாத வீட்டுக்குள் யார் வருகிறார்கள்? மட்டக்களப்பு மாவட்டத்துப் பெண்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிழமைக் கடன்காரர் வருகிறார்கள், மோட்டார் சைக்கிளில், வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு மாதிரிக் கணக்கு: 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,200 வீதம் 52 கிழமை. மொத்தம் 62,400. வட்டி 12,400. "நூற்றுக்கு 25கூட இல்லையே அக்கா" என்பார்கள். ஆனால் அந்த 50,000 வருடம் முழுவதும் உங்கள் கையிலா இருந்தது? முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறீர்கள். பாதி வருடத்தில் பாதிக் கடன்தான் உங்களிடம் இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் நீங்கள் வைத்திருந்தது ஏறக்குறைய 25,000. அதற்கு 12,400 வட்டி. எந்த முறையில் கணக்குப் பார்த்தாலும் நூற்றுக்கு 45ஐத் தாண்டிவிடும். 2018இல் அரசாங்கம் நுண்கடனுக்கு 35 வீத உச்சவரம்பு அறிவித்தது, வரட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் வரையான கடனுக்கு நிவாரணமும் தந்தது. அது தானாக வரவில்லை. கணக்கைப் புரிந்துகொண்டு தெருவுக்கு இறங்கிய பெண்களால் வந்தது. கையெழுத்துப் போடுமுன் இரண்டே கேள்வி: மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? பிடிப்பெல்லாம் போக இன்று கையில் எவ்வளவு தருகிறீர்கள்? பதிலைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஓய்வு பெறப் போகும் ஐயாமார், அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 30 வருடச் சேவை, நாள் சம்பளம் 1550 என்றால் 14 × 30 × 1550, அதாவது 6,51,000 ரூபா. பழைய 1350இல் கணக்குப் போட்டால் 5,67,000. வித்தியாசம் 84,000. ஒபிசில் எந்த எண்ணைப் போட்டார்கள் என்று பார்க்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1984 வரை எங்களுக்கு இருக்கவில்லை. அதற்கு முன் பல தலைமுறை அம்மாமார் ஒவ்வொரு நாளும் சில சதம் குறைவாக வாங்கி லயத்துக்குத் திரும்பினார்கள். அந்தச் சதங்களை யாராவது கூட்டிப் பார்த்தார்களா?

கிளைத் தலைவர்மாருக்கு எமது வேண்டுகோள்: சம்பளத் துண்டு தமிழில், ஒவ்வொரு பிடிப்பும் தனி வரியில் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முற்பணம், கோயில் காசு, தூள் காசு, சங்கச் சந்தா எல்லாம் பெயரோடு வரட்டும், "ஏனையவை" என்ற வரி வேண்டாம். நிறுவைக் களத்தில் கிழமைக்கு ஒருவர் முறைவைத்து நிற்கட்டும், ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் தராசு காட்டியதையும் செக்ரோலில் எழுதியதையும் பக்கத்துப் பக்கமாக எழுதட்டும். எழுத வராதவர் சொன்னால் பிள்ளை எழுதும். அதற்குத்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?

வாழைச்சேனையில் அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு வழக்கமான இடத்தில் இருப்போம். கடந்த மூன்று மாதச் சம்பளத் துண்டுகளைக் கொண்டு வாருங்கள். கசங்கியிருந்தாலும், சீலையோடு சேர்த்துத் துவைத்து மை போயிருந்தாலும் பரவாயில்லை.