புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?



வாசகி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "பெருநாட் காசில் மகன் வாங்கிய மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கடையில் தந்த நீல மருந்தை ஊற்றினேன், புள்ளி போய்விட்டது. ஐந்து நாளில் திரும்பவும் வந்துவிட்டது. மருந்து கூடாததா?"

நான் மீன் வைத்தியனல்ல, மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன். ஆனாலும் இந்தக் கடிதத்துக்கு நானே பதில் எழுதுகிறேன். காரணம், இதே தவறை நானும் செய்தவன்.

என் இளைய மகளிடம் இரண்டு தங்கமீன்கள் இருந்தன. அவற்றிலும் புள்ளி கண்டது. மருந்திட்டோம். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்தன. "சுகமாகிவிட்டது" என்று சொல்லி மருந்தை நிறுத்தினேன். அதே வாரத்தில் முன்னரை விட மோசமாகப் புள்ளி வந்து இரண்டும் செத்துப் போயின. "வாப்பா, சுகமாயிட்டு என்று நீங்கதானே சொன்னீங்க?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்னர்தான் அலங்கார மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டும் படித்தும் விஷயத்தை விளங்கிக் கொண்டேன்.

இந்த வெண்புள்ளி நோயைத் தருவது ஓர் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து, மீனைத் தின்று வளர்கிறது. ரவை தூவியது போல நமக்குத் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் வளர்ந்த ஓர் ஒட்டுண்ணியே. முற்றியதும் மீனை விட்டுக் கழன்று, தொட்டியின் அடியிலும் கல்லிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டுகிறது. அப்போதுதான் புள்ளி மறைகிறது. நாம் சுகம் என்று நினைக்கிறோம். கூட்டுக்குள் அது நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, வெளியேறி, மீனைத் தேடி நீந்துகிறது. ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் அந்தக் குஞ்சுகள் இறந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதை எட்டுவதில்லை. நீந்தும் குஞ்சுகளைத்தான் மருந்து கொல்லும். ஆகவே சகோதரியின் மருந்தைக் குறை சொல்ல முடியாது. கொடுத்த நாட்கள்தான் போதவில்லை. கொழும்பு, மட்டக்களப்பு போன்ற சூடான இடங்களில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். நுவரெலியா போன்ற குளிர் இடங்களில் வாரக்கணக்கில் நீளும். எனவே புள்ளி மறைந்த பின்னரும் சூடான இடங்களில் குறைந்தது 10 நாட்களும், குளிர் இடங்களில் அதற்குக் கூடுதலாகவும் சிகிச்சையைத் தொடர வேண்டும்.

முதலில் நோய் எது என்று சரியாகப் பாருங்கள். டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

வெள்ளைப் புள்ளிக்குப் பதிலாக மஞ்சள் தூள் தூவியது போன்ற மினுக்கம் தெரிந்தால் அது வேறோர் ஒட்டுண்ணி. அது வெளிச்சத்தாலும் பிழைப்பது. ஆகவே மருந்தோடு தொட்டியைத் துணியால் மூடி இருட்டாகவும் வையுங்கள்.

நூல் துண்டு போல உடம்பிலிருந்து ஒன்று தொங்கி, அடிப்பகுதி சிவந்திருந்தால் அது நங்கூரப் புழு. தங்கமீனில் அதிகம் வரும். புழு என்று பெயரே தவிர, அது இறாலுக்கு உறவான ஓர் இனம். தலையைத் தசைக்குள் நங்கூரம் போலப் பாய்ச்சியிருக்கும்.

பயறு அளவில் தட்டையாக, கண்ணாடி போல ஒட்டிக்கொண்டு, தொட்டால் நகர்ந்தால் அது மீன் பேன்.

ஒன்றுமே தெரியாமல் மீன் கல்லில் உடம்பைத் தேய்த்து, ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு வேகமாக மூச்சு வாங்கினால் செவுளில் தட்டைப் புழு இருக்கலாம்.

இரண்டு இடங்களில் ஏமாந்து போகாதீர்கள். ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் ஒழுங்கான வெள்ளைப் பருக்கள் வரும். அது நோயல்ல. அடுத்தது, எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்தால் பெரும்பாலும் தண்ணீர் கெட்டிருக்கும். அப்போது மருந்தை விட்டுவிட்டு முதலில் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

வெண்புள்ளிக்கு வீட்டில் செய்யக்கூடிய எளிய சிகிச்சை உப்பு. தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 1000ஆல் வகுங்கள். லீற்றர் கணக்கு வரும். 60 நீளம், 30 அகலம், 25 உயரம் என்றால் 45 லீற்றர். லீற்றருக்கு 2 கிராம் வீதம் 90 கிராம் கல்லுப்பு தேவை. அதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து, காலை, மாலை, மறுநாள் காலை என ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அடியிலுள்ள அழுக்கைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள், கூடுகளும் அதோடு போகும். 10 லீற்றர் எடுத்தால், குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த 10 லீற்றர் தண்ணீரில் 20 கிராம் உப்புக் கரைத்து ஊற்றுங்கள். செடிகளும் செதிலில்லாத கெளிற்று இன மீன்களும் உப்பைத் தாங்கா. அவை இருந்தால் அளவைக் குறையுங்கள், அல்லது வேறு தொட்டியில் சிகிச்சை செய்யுங்கள்.

கடை மருந்தைப் பாவிப்பதானால் வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். பச்சை நிற மலக்கைற் மருந்து நச்சுத் தன்மை உடையது. கையுறை அணியுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், சாப்பிடும் மீனுக்கு ஒருபோதும் பாவிக்காதீர்கள். உப்பையும் மருந்தையும் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம்.

நங்கூரப் புழுவுக்கு இந்த உப்பு போதாது. மீனை ஈரத் துணியில் பிடித்து, சிறு இடுக்கியால் புழுவை உடம்போடு ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். மீன் பேனையும் அவ்வாறே எடுக்கலாம். ஆனால் இரண்டின் குஞ்சுகளும் தண்ணீரில் இருக்கும். அதற்கும், தட்டைப் புழுவுக்கான பிராசிகுவான்டெல் மருந்துக்கும் மிருக வைத்தியரிடம் அளவு கேளுங்கள்.

இந்த ஒட்டுண்ணிகள் மனிதருக்குத் தொற்றா. என்றாலும் கையில் காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். ஆறாத புண்ணை உண்டாக்கும் கிருமி சில மீன் தொட்டிகளில் உண்டு. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

நோய் பெரும்பாலும் புது மீனோடுதான் வீட்டுக்குள் வருகிறது. புது மீனை இரண்டு முதல் நான்கு வாரம் வேறு பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள். கடைப் பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரே வலையை இரண்டு தொட்டிக்கும் பாவிக்காதீர்கள். வேண்டாம் என்று தோன்றும் மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். நாம் டேங்க் கிளீனர் என்று வாங்கும் மீன் அப்படித்தான் நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகியது. மீனோடு ஒட்டுண்ணியும் சேர்ந்தே போகும்.

என் மகள் இரண்டு மாதம் கழித்து மீண்டும் மீன் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். இம்முறை ஒரு வாளியில் மூன்று வாரம் வைத்தோம். பத்தாம் நாள் ஒரு மீனின் வாலில் இரண்டு புள்ளி கண்டு அவளே என்னைக் கூப்பிட்டாள். உப்பிட்டோம். நான்காம் நாள் புள்ளி மறைந்தது. "நிறுத்தலாமா?" என்று கேட்டேன். "இன்னும் பத்து நாள் இருக்கு வாப்பா" என்றாள். நாட்காட்டியில் அவளே கோடு போட்டு எண்ணினாள்.

கண்ணாடிக்குள் அடைத்து வைத்த உயிர் தன் நீரைத் தானே தேடிப் போக முடியாது. அது நம் கையில் உள்ள அமானிதம். சகோதரியே, மகனிடம் ஒரு நாட்காட்டியைக் கொடுத்து, புள்ளி மறைந்த நாளிலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.