தாய்ப்பால் இலவசம் அல்ல

தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதை 99.6 சதவீதம் என்கிறது. பிள்ளை பிறக்கும்வரை அரசும் குடும்பமும் சேர்ந்து ஒரு பெண்ணைப் பத்திரமாகக் கரை சேர்த்துவிடுகின்றன. சறுக்கல் அதற்குப் பிறகுதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் இங்கே 55 சதவீதம். நாட்டின் சராசரியோ 63.7. மருத்துவ வசதியில் நம்மைவிட எவ்வளவோ பின்தங்கிய சத்தீஸ்கர் இதில் நம்மைத் தாண்டி நிற்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். இரண்டு வயதுக்குள் போதுமான உணவு கிடைக்கும் குழந்தைகள் இந்திய அளவில் 11.3 சதவீதம்தான். இந்த எண்களைப் பார்த்ததும், 'இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால், இயற்கையான உணவு பணத்தில் மலிவாக இருக்கிற அளவுக்கு நேரத்தில் மலிவாக இல்லை. அந்த நேரத்தை முழுக்கத் தாய் ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு, அவளுக்குப் பொறுமை போதவில்லை என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு இருபது, முப்பது நிமிடம் என்று வைத்தாலும் நான்கைந்து மணி நேரம் அதற்கே போய்விடும். தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வது, ஈரத்துணி மாற்றுவது, மறுபடி தூங்கவைப்பது எல்லாம் இதற்கு மேல். அந்தக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவை சிகிச்சை. தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்துதான் அந்தப் பெண்கள் இதையெல்லாம் செய்கிறார்கள். பால் சுரக்க உடம்புக்கும் தீனி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாகத் தேவை. ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு அது. பல வீடுகளில் அவள்தான் கடைசியில் சாப்பிடுகிறாள். அதிலும் தயிர் ஆகாது, பழம் ஆகாது, தண்ணீரைக் குறை என்று பத்தியம் வேறு. தண்ணீரைக் குறைக்கச் சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. பத்தியத்தை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் பால்சுறாப் புட்டும் நல்ல சாப்பாடுதான். ஆனால் பத்தியத்திலேயே உருப்படியான அம்சம், பிள்ளை பெற்றவள் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்ற விதி. இன்றைக்குக் காய மருந்தும் லேகியமும் கடையில் பொட்டலமாகக் கிடைக்கின்றன. அந்த விதிதான் காணாமல் போய்விட்டது.

ஆறு மாதம் முடிந்து திட உணவு ஆரம்பித்தால் வேலை இரட்டிப்பாகும். கேழ்வரகையே எடுத்துக்கொள்வோம். கல் அரித்து, ஓர் இரவு ஊறவைத்து, நீர் வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, வாசம் வர வறுத்து, அரைத்துச் சலிக்க வேண்டும். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. முளைகட்டும்போது தானியத்தில் உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கூழ் கெட்டியாகாமல் இளகி நிற்கும். சிறிய வயிற்றுக்குள் அதிக மாவைக் கொண்டுசேர்க்க அதுதான் வழி. இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கும் பொருளும் முளைகட்டும்போது குறையும். இத்தனை செய்தாலும் கேழ்வரகுக் கூழ் மட்டும் போதாது. பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் என்று பல வகையும் சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மசித்து, ஆறவைத்து, துப்புவதைத் துடைத்து, மறுபடி ஊட்டி, ஒரு கிண்ணம் காலியாக அரை மணி நேரம் ஆகும். அது ஒரு நாளைக்கு மூன்று தடவை, தாய்ப்பாலுக்கு நடுவில்.

சந்தை விற்பது இந்த நேரத்தைத்தான். டப்பா உணவு வாங்குகிறவர் தானியத்துக்காக அந்த விலை கொடுப்பதில்லை. மிச்சமாகும் முக்கால் மணி நேரத்துக்காகக் கொடுக்கிறார். அதோடு சேர்ந்து வேறு சிலவும் வருகின்றன. இந்தியாவில் விற்கப்படும் நெஸ்லேயின் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கப்படுவதாகவும், ஐரோப்பாவில் அதே உணவு சர்க்கரை சேர்க்காமல் விற்கப்படுவதாகவும் 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளில் சேர்க்கும் சர்க்கரையை 30 சதவீதம்வரை குறைத்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உணவை விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்தியாவில் சட்டமே இருக்கிறது. 1992இல் வந்தது, 2003இல் இறுக்கப்பட்டது. அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் விளம்பரத்தைத் தடுத்தால் மட்டும் தாய்க்கு நேரம் வந்துவிடாது. இயற்கை, பாரம்பரியம் என்ற பெயரில் நடக்கும் வியாபாரமும் இதே கதைதான். இருபது தானியமும் பருப்பும் கொட்டையும் கலந்த சத்துமாவை ஆறு மாதக் குழந்தைக்கு விற்கிறார்கள். புது உணவை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். இருபதையும் ஒன்றாகக் கரைத்து ஊற்றினால் எதைப் பார்ப்பது?

'எங்கள் பாட்டிமார் எட்டுப் பிள்ளை பெற்று எட்டையும் வளர்க்கவில்லையா?' என்ற கேள்வி எங்கும் வரும். எட்டையும் வளர்க்கவில்லை என்பதுதான் பல வீடுகளின் வரலாறு. 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் அது 28, தமிழ்நாட்டில் 13. அன்றைய பழக்கங்களில் கெட்டவையும் இருந்தன. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைப்பது அதில் ஒன்று. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் நரம்பைத் தாக்கும் நச்சுநோய் வரக்கூடும். குழந்தைக்குப் புகட்டும் உரை மருந்துக்கு இழைக்கும் வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயரே வைத்திருக்கிறோம். ஆனால் ஆறு மாதம்வரை பிள்ளையை வளர்ப்பது தாய்ப்பால் மட்டும்தான். பாட்டிமாரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. தாய் வீட்டில் மூன்று மாதம், பிள்ளையை வாங்கிக்கொள்ள நாலைந்து கைகள், அடுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தி. அந்தக் கைகள் இலவசமாக வந்ததாக நினைக்கிறோம். அவையும் பெண்களின் கைகளே. அவர்களுக்கும் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

இனி சட்டத்தைப் பார்ப்போம். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு சம்பளத்துடன் 26 வார விடுப்புத் தந்தது. அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் பிள்ளை பிறந்த பிறகு மிஞ்சுவது 18 வாரம், நான்கு மாதம் சொச்சம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று சுகாதாரத் துறை சொல்கிறது. நான்கு மாதம் முடிந்ததுமே வேலைக்கு வா என்கிறது விடுப்புக் கணக்கு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு கிடைக்கிறது, நல்லது. வயலிலும் சித்தாள் வேலையிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பும் சேர்த்து 18,000 ரூபாய் என்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் கணக்கு. ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு நூறு ரூபாய். 2025-26இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். மூன்றில் ஒரு பங்குகூட வராத தொகையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் வீட்டில் இரு என்று எப்படிச் சொல்வது? 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்துக்கு அது உதவும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு எந்த அறை இருக்கிறது? கடை ஊழியர் உட்காரலாம் என்ற சட்டத்துக்கே இங்கே 2021 வரை காத்திருந்தோம்.

விடுப்பை நீட்டினால் முதலாளிகள் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்ற வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் ஒருவருக்கு ஆறு மாதச் சம்பளத்தைத் தன் கையிலிருந்து கொடுப்பது கஷ்டம்தான். அதனால்தான் அந்தச் செலவை ஒரு முதலாளியின் தலையில் மட்டும் வைக்காமல், காப்பீடு வழியாகவோ பொதுநிதி வழியாகவோ பகிர வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை. நமக்கு இது புதிதும் இல்லை. மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ காப்பீடு இதைத்தான் செய்கிறது. எல்லோருடைய சந்தாவிலிருந்தும் அவளுக்கு 26 வாரச் சம்பளம் போகிறது. அந்த உச்சவரம்பை உயர்த்தி, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களையும் இதில் இணைப்பதே நேர்வழி.

தாய்ப்பாலுக்காக இவ்வளவு பேசினாலும், பால் சுரக்காத தாய், மருந்து காரணமாகக் கொடுக்க முடியாத தாய், தத்தெடுத்த தாய் ஆகியோருக்குப் பவுடர் பால் அவசியம். அவர்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தைப் பற்றிப் பேசியது போல வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பேச வேண்டும். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 97. அதுவும் நாலு ஆண்களில் ஒருவர்தான் ஏதாவது செய்தார். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்பாவால் செய்ய முடியும். கேழ்வரகு சலிப்பதற்குத் தாய்மை தேவையில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறைக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. அது வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் தாயிடம் 'பால் இருக்கா?' என்று கேட்பதற்கு முன், அந்த வீட்டுச் சமையலறையில் குவிந்திருக்கும் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்கட்டும்.