செத்த கட்டைக்கு வயசு ஏத்துறது பித்தலாட்டமா?

போன்சாய்னு பேச்செடுத்தாலே நம்மாளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. ஒண்ணு "ஆஹா, என்ன அழகு" கட்சி, இன்னொண்ணு "பாவம்யா அந்த மரம்" கட்சி. அந்தப் பஞ்சாயத்துக்கு இன்னிக்கு நான் வரலை. இது போன்சாய்க்காரங்களுக்குள்ளயே நடக்கற குடுமிப்பிடி. உயிரோட இருக்கற மரத்துல ஒரு பகுதியை வேணும்னே சாகடிச்சு, செதுக்கி, வெளுக்க வெச்சு, ஏதோ நூறு வருஷம் மலையுச்சியில காத்தும் பனியும் தின்ன மாதிரி காட்டலாமா?

காட்டலாம்கறது என் கட்சி. ஆனா கண்டிஷன்ஸ் அப்ளை :-)

முதல்ல சமாச்சாரம் என்னன்னு பாத்துடுவோம். பட்டை போய் எலும்பா நிக்கிற கிளைக்கு ஜப்பான்ல 'ஜின்'னு பேரு (நீங்க நினைக்கிற ஜின் இல்லை). தண்டுல பட்டை உரிஞ்சு வெள்ளையா ஓடுற பகுதி 'ஷாரி'. புத்தரோட அஸ்திக்கும் இதே வார்த்தைதான். மூலம் நம்ம 'சரீரம்' வந்த அதே சமஸ்கிருதச் சொல். செத்த கட்டைக்கு எவ்வளவு மரியாதை பாருங்க!

இதுக்கு ராஜா ஷிம்பாகுங்கற ஜூனிப்பர். மலையில மின்னலும் பனிப்பாரமும் பாதி மரத்தைக் கொன்னாலும், மிச்சம் ஒரு பட்டைக் கீற்று வேரையும் இலையையும் இணைச்சுக்கிட்டு உயிரை ஓட்டும். செத்த பாதியும் சீக்கிரத்துல மக்காது, வெள்ளி மாதிரி வெளுத்து நிக்கும். அந்த அழகுக்காகவே ஒரு காலத்துல இஷிசுச்சி மலையிலயும் இட்டோயிகாவா பக்கத்து பாறைகள்லயும் கயிறு கட்டித் தொங்கி மரங்களைப் பேத்து எடுத்துட்டு வந்தாங்க. விளைவு, மலை காலி. இன்னிக்கு அங்க புதுசா வர்ற ஷிம்பாகு பெரும்பாலும் தோட்டத்துல பதியன்குச்சி நட்டு வளர்த்தது.

என் வாதமே இங்கதான் ஆரம்பிக்குது. இருநூறு வருஷம் மலையில தாக்குப்பிடிச்ச மரத்தைப் பிடுங்கி தொட்டியில வெக்கறதா, இல்ல இருபது வருஷத்து தோட்ட மரத்துல உளியைப் போடறதா? எது பெரிய பாவம்? வயசை 'போலி' பண்றாங்கன்னு திட்டறவங்க இந்தக் கணக்கையும் போட்டுப் பாக்கணும்.

இப்ப கண்டிஷன்ஸ்.

ஒண்ணு, உயிரோட்டம். ஜூனிப்பர்ல பெரும்பாலும் ஒரு வேர், அதுக்கு நேர் மேல இருக்கற கிளைக்குத்தான் தண்ணி அனுப்பும். எந்தக் கோடு எங்க போகுதுன்னு சாக்பீஸால வரைஞ்சு பாக்காம பட்டையை உரிச்சா அந்தக் கிளை காலி. ஒரே நாள்ல முழுசா உரிக்காம, வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமா அகலப்படுத்தணும். அப்பதான் ஓரத்துல உயிர்ப்பட்டை உருண்டு திரண்டு, நிஜமான முதுமை தெரியும்.

ரெண்டு, மரம் சொல்ற வழியில போகணும். கிளையை பாதி வெட்டி, இடுக்கியால நாரைப் பிடிச்சு இழுத்தா, முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே கிழியும். காத்து ஒடிச்ச கிளையும் அப்படித்தான் கிழியுது. மெஷினே கூடாதுன்னு சொல்லலை. 1940ல பிறந்த மசாஹிகோ கிமுரா மின்சாரக் கருவிகளை வெச்சே சாதிச்சு 'மந்திரவாதி'ன்னு பேர் வாங்கினவர். அவரைப் பாத்து கிரைண்டர் வாங்கறவங்க, அவரோட கண்ணையும் சேத்து வாங்க முடியாதே! கருவித் தடம் தெரிஞ்சா அது மரச்சாமான்.

மூணு, சுண்ணாம்பு-கந்தகக் கரைசல். அழுகின முட்டை நாத்தம். பூசினா மஞ்சளாகி, வெயில்ல காய்ஞ்சு வெளுக்கும், கட்டையையும் மக்காம காக்கும். ஆனா பளீர்னு வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கும். துளி கறுப்பு மை கலந்தா கண்ணை உறுத்தாது. மேப்பிள் மாதிரி இலையுதிர் மரங்களுக்கு இந்த வேஷமே பொருந்தாது. அதோட கட்டை சீக்கிரம் மக்கிடும், அதுல பொந்துதான் இயல்பு.

நாலாவது ரொம்ப முக்கியம், நேர்மை. செத்த கட்டையில பள்ளம் தோண்டி இளஞ்செடியைப் பொருத்தி வளர்த்தா அதுக்கு 'தனுகி'ன்னு பேரு. ஜப்பான் கதைகள்ல உருவம் மாறி ஏமாத்துற மிருகம் அது. தனுகி பண்ணுங்க, ரசிக்கிறேன். அதையே பழைய மரம்னு சொல்லி வித்தீங்கன்னா, அது பித்தலாட்டம்தான்.

செதுக்கறது மனுஷன் வேலை. ஆனா அந்த உளித்தடத்தை வெயிலும் மழையும் தின்னு முடிக்க சில வருஷம் ஆகும். அதுக்குப் பொறுமை இல்லாதவங்க கத்தாழை வளர்க்கலாம்.

நீங்க எந்தக் கட்சி? சொல்லிட்டுப் போங்க மக்களே.